இழையை எண்ணி விலையைச் சொல்!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நாடறிந்த பழமொழி. அந்தப் பாதி ஆடையைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்று நம்மை நாமே கேட்டுப் பார்த்தால், நிறத்தையும் விலையையும் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் விழிப்போம். அரிசி வாங்கும்போது ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்க்கிறோம். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். துணியை மட்டும், கடைக்காரர் பலகையின்மேல் விரித்துப் போட்டவுடன், “கலர் எடுப்பாக இருக்கிறது” என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

நான் இங்கே பேச எடுத்துக்கொண்டது காஞ்சிபுரம் பட்டுமன்று, பனாரஸ் சேலையுமன்று. அவற்றைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாரும் பேசாத பாப்ளினைப் பற்றிப் பேசப் போகிறேன். உள்பாவாடையாகவும், ரவிக்கையின் உள்துணியாகவும், சிறுமியரின் கவுனாகவும், பள்ளிப் பிள்ளைகளின் சட்டையாகவும், கால்சட்டைப் பையாகவும் நம் வீடுகளில் நிறைந்திருக்கும் துணி அது. “பாப்ளின்தானே!” என்று அலட்சியமாகச் சொல்லும் அளவுக்கு அது நமக்கு நெருக்கமானது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பாப்ளின் துணியின் ஓரத்திலும், அது எந்த நாரால் ஆனது, எந்த நம்பர் நூலால் ஆனது, ஓர் அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்ற விவரம் அச்சிடப்பட வேண்டும். அப்படி அச்சிடாத துணியை வாங்குபவர் ஏமாறுகிறார். தைப்பவர் பழி சுமக்கிறார். ஒழுங்காக நெய்பவர் தோற்றுப் போகிறார். இம்மூன்றையும் நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் தந்தை விசைத்தறி ஓட்டுபவர். என் தாய் வீட்டில் தையல் இயந்திரம் வைத்து, பீஸ் கணக்கில் உள்பாவாடை தைப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே ஊடை நூலிலிருந்து பாவாடை நாடா வரை ஒரு துணியின் வாழ்க்கை முழுவதும் எங்கள் ஒரே வீட்டில் பேச்சாக நடக்கிறது.

பாப்ளின் என்பது யாது?

துணி என்பது நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளும் குறுக்கே போகும் ஊடை இழைகளும் சேர்ந்தது. ஓர் இழைக்கு மேல், அடுத்த இழைக்குக் கீழ் என்று மாறி மாறிப் போவது சாதா நெசவு. பாப்ளினும் சாதா நெசவுதான். ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. மற்றத் துணிகளில் பாவும் ஊடையும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். பாப்ளினில் பாவு இழைகள் ஊடையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இப்படி நெருக்கி நிற்கும் பாவு, ஊடையை மூடிக்கொண்டு அதன்மேல் வளைந்து வளைந்து போகிறது. ஊடை அதிகம் வளையாமல் நேராகக் கிடக்கிறது. எனவே ஒவ்வோர் ஊடையும் ஒரு சிறு மேடாகத் துணியின் குறுக்கே எழுந்து நிற்கும். அதுதான் பாப்ளினின் வரி. கண்ணுக்கு எளிதில் தெரியாது. நகத்தை நீளவாக்கில் மெல்ல இழுத்தால் தெரியும். சட்டைத் துணிக்கு மெல்லிய பளபளப்பும், தொட்டால் ஒரு வழுவழுப்பும் வருவதற்கு இந்த நெருக்கமான பாவே காரணம்.

ஊடையைத் தடிப்பாக்கிக்கொண்டே போனால் வரியும் தடித்துக்கொண்டே போகும். ஃபெய்ல், பெங்காலைன், குரோகிரைன், ஆட்டமன் என்று மேல்நாட்டார் பெயர் வைத்திருக்கும் துணிகள் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. பதக்கத்தில் தொங்கும் தடித்த வரியுள்ள நாடாவைப் பார்த்திருப்பீர்கள், அது குரோகிரைன். பெங்காலைன் என்ற பெயரில் நம் வங்காளமே ஒளிந்திருக்கிறது. இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி பாப்ளின்.

துணியின் வளைவு நெளிவுக்கு வடிவக் கணிதம் உண்டு என்று காட்டியவர் பியர்ஸ் என்ற அறிவியலாளர். மான்செஸ்டரில் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த அவர், 1937-இல் துணியின் அமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் நெசவுத் தொழில்நுட்ப மாணவர்களுக்குப் பாடம். பாவு வளைந்தால் ஊடை நிமிரும், ஊடை வளைந்தால் பாவு நிமிரும் என்பதை அவர் சமன்பாடுகளில் எழுதினார். என் தந்தை அதைத் தறியில் கைவிரலால் அறிந்தவர். இருவரும் சொல்வது ஒன்றே.

போப்பாண்டவர் ஊரிலிருந்து ஈரோடு வரை

பாப்ளின் பிறக்கும்போதே ஏழைத் துணியாகப் பிறக்கவில்லை. பட்டுப் பாவும் கம்பளி ஊடையுமாக நெய்யப்பட்ட செல்வர் துணி அது. பிரெஞ்சு மொழியில் பாப்பலீன் என்று பெயர். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் தங்கியிருந்த அவிஞான் நகரத்தோடு அப்பெயரை இணைத்துச் சொல்வோர் உண்டு. பிளெமிஷ் நாட்டுப் போப்பரிங்க என்னும் நெசவு ஊரின் பெயரே அது என்போரும் உண்டு. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1685-இல் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது, ஆயிரக்கணக்கான நெசவாளர் நாட்டை விட்டு ஓடினர். அவர்களில் ஒரு பகுதியினர் அயர்லாந்தின் டப்ளின் நகரில் தறி போட்டனர். ஐரிஷ் பாப்ளின் உலகப் புகழ் பெற்றது அப்படித்தான். நெசவாளி அகதியாகப் போனாலும் நெசவு அவன் கூடவே போகும் என்பதற்கு இது ஒரு சான்று.

பின்னர்ப் பருத்தியில் பாப்ளின் நெய்யத் தொடங்கினர். பட்டில் இருந்த வரி பருத்திக்கு வந்தது; செல்வர் துணி பொதுமக்கள் துணியாயிற்று. நம் நாட்டில் பம்பாய், ஆமதாபாத் ஆலைகள் பாப்ளினை நெய்து குவித்தன. 1982 ஜனவரி 18-ஆம் நாள் பம்பாயில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதற்குப் பிறகு பல ஆலைகள் எழுந்திருக்கவேயில்லை. ஆலையில் நெய்த துணியெல்லாம் விசைத்தறிக்கு வந்து சேர்ந்தது. பிவண்டி, மாலேகான், இச்சல்கரஞ்சி என்று மராட்டியத்திலும், ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று நம் பக்கத்திலும் தறிகள் இரவு பகலாக ஓடுகின்றன. இராஜஸ்தானத்தில் பாலோத்ரா என்ற ஊர் பாவாடைப் பாப்ளினுக்குச் சாயம் ஏற்றுவதையே தொழிலாகக் கொண்டது. அங்கே ஓடும் லூனி ஆற்றின் நீரும் அச்சாயத்துக்குத் தன் பங்கு விலையைக் கொடுத்திருக்கிறது.

ஆலையில் நெய்த காலத்தில் துணியின் முனையில் ஆலையின் பெயரோடு முத்திரை குத்தப்பட்டிருக்கும். பாட்டிமார் அந்த முத்திரையுள்ள துண்டைக் கடைசி வரை வெட்டாமல் வைத்துத் தைப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தறி சிதறியது, முத்திரையும் போயிற்று. பத்துத் தறி வைத்திருப்பவர் நெய்வார், வேறொருவர் வெளுப்பார், மற்றொருவர் சாயம் போடுவார், இன்னொருவர் மடித்து விற்பார். இது யார் துணி என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

கணக்குப் பார்ப்போம்

இனி என் பாடத்துக்கு வருகிறேன். நூலின் மெல்லிமையை நம்பரால் சொல்வார்கள். 840 கெஜம் நீளமுள்ளது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில், அதாவது ஏறத்தாழ 454 கிராமில், எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே அந்நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். அதாவது 30 கிலோமீட்டருக்கும் அதிகம்! நம்பர் ஏற ஏற நூல் மெல்லிதாகும்.

நல்ல பாப்ளின் ஒன்றுக்கு வணிகத்தில் வழங்கும் அளவு இது: பாவும் ஊடையும் 40-ஆம் நம்பர், அங்குலத்துக்குப் பாவு 132, ஊடை 72. ஒரு சதுர கெஜத் துணிக்கு எவ்வளவு நூல் வேண்டும்? அகலத்தில் 36 அங்குலம்; ஆகவே பாவு 132 × 36 = 4,752 இழை, ஒவ்வொன்றும் ஒரு கெஜம். ஊடை 72 × 36 = 2,592 கெஜம். மொத்தம் 7,344 கெஜம். இதை 33,600-ஆல் வகுத்தால் 0.2186 பவுண்டு. ஏறத்தாழ 99 கிராம். இழைகள் வளைந்து போவதால் கூடுதலாகச் செலவாகும் சிறு பங்கை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது இன்னொரு துணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 40-ஆம் நம்பர். ஆனால் பாவு 100, ஊடை 50. நூல் 150 × 36 = 5,400 கெஜம். முதல் துணியைவிட நூற்றுக்கு 26 பங்கு நூல் குறைவு. ஏறத்தாழக் கால்பங்கு! சாயம் போட்டு, கஞ்சியில் தோய்த்து, உருளையில் அழுத்தித் தேய்த்து மடித்து வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே மொடமொடவென்று இருக்கும். இரண்டின் பெயரும் பாப்ளின். முதல் சலவையில் கஞ்சி போனவுடன்தான் ஒன்று துணி, மற்றொன்று வலை என்று தெரியும். அதற்குள் பணம் கைமாறிவிட்டது, துணி வெட்டப்பட்டுவிட்டது.

நாரிலும் இதே கதைதான். “காட்டன் பாப்ளின்” என்று சொல்லி விற்பதில் பாலியெஸ்டர் கலந்ததும் உண்டு. பாலியெஸ்டர் தீயது என்பது என் வாதமன்று. அது சுருங்காது, கசங்காது, சீக்கிரம் உலரும். மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அது உதவி. ஆனால் ஆய்வுக்கூட அளவுப்படி, சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் நூற்றுக்கு எட்டரைப் பங்கு ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் அரைப் பங்குகூட வாங்காது. சித்திரை வெயிலில் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் உள்பாவாடைக்கும் ரவிக்கைத் துணிக்கும் இந்த வேற்றுமை சிறிதன்று. அதைப் பருத்தி என்று நம்பி வாங்கிய பெண்ணுக்கு உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

பழி யார் தலையில்?

பாப்ளின் பெரும்பாலும் நீளவாக்கில்தான் சுருங்கும். அதற்கும் காரணம் உண்டு. வளைந்து போவது பாவு. வெளுக்கும்போதும் சாயமிடும்போதும் ஈரத் துணியை நீளவாக்கில் இழுத்து இழுத்து ஓட்டுவதால் பாவின் வளைவு நிமிர்ந்துவிடுகிறது. அளக்கும்போது மீட்டர் கூடுதலாகக் காட்டும். வீட்டில் தண்ணீரில் நனைத்தவுடன் பாவு தன் பழைய வளைவுக்குத் திரும்புகிறது, துணி குட்டையாகிறது. துணியை விற்பதற்கு முன்பே இயந்திரத்தில் சுருக்கிவிடும் முறையை அமெரிக்கரான சான்ஃபோர்டு கிளூயட் கண்டுபிடித்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகப் போகின்றன. “சான்ஃபரைஸ்டு” என்று சில துணிகளில் காண்பது அவர் பெயரே. மலிவுப் பாப்ளினுக்கு அந்தச் செலவை யார் செய்வார்?

38 அங்குல உயரமுள்ள பாவாடை நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினால் ஏறக்குறைய 2 அங்குலம் போய்விடும். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். ஒரு மொத்த வியாபாரி கொடுத்த துணியில், அவர் கொடுத்த அளவுக்கே, என் தாய் பாவாடைகள் தைத்துக் கொடுத்தார். வாங்கிப் போனவர்கள் துவைத்தபின் குட்டையாகிவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்தார்களாம். வியாபாரி அந்த இழப்பைத் தையல் கூலியில் பிடித்துக்கொண்டார். “ஏனுங்க, தைச்சது நானுங்க, துணி நெய்யலீங்களே” என்று என் தாய் கேட்டார். “அளவு தப்பாக வெட்டியிருக்கிறாய்” என்பது பதில். ஒரு வாரக் கூலி அத்தோடு போயிற்று. சொந்த வீட்டுக்குத் தைக்கும்போது துணியை ஓர் இரவு ஊறப்போட்டு உலர்த்தி வெட்டுவது என் தாயின் வழக்கம். வியாபாரியின் துணியை நனைக்க அனுமதி கிடையாது; நனைத்தால் கஞ்சி போய்விடும், சரக்கின் முகம் போய்விடும்!

இந்தத் துணி இத்தனை பங்கு சுருங்கும் என்று ஓரத்தில் ஒரு வரி அச்சாகியிருந்தால் அந்த வழக்கே எழுந்திருக்காது. எழுதாத உண்மைக்கு எப்போதும் எளியவர் தலையே கிடைக்கிறது.

இனித் தறிப் பக்கம் வருவோம். எங்கள் பக்கத்தில் ஒவ்வோர் ஊடையையும் ஒரு பிக் என்பார்கள். அங்குலத்துக்கு 72 பிக் என்றால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2,835 பிக். நிமிடத்துக்கு 140 பிக் போடும் சாதாரண விசைத்தறியில் ஒரு மீட்டர் நெய்ய 20 நிமிடம் ஆகும். 50 பிக் என்றால் 14 நிமிடம் போதும். ஒரு மணி நேரத்தில் ஒழுங்கான தறி 3 மீட்டர் நெய்தால், பிக்கைக் குறைத்த தறி 4 மீட்டருக்கும் மேல் நெய்துவிடும். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். சந்தையில் இரண்டும் பாப்ளின் என்ற ஒரே பெயரில் நிற்கும்போது, முழுப் பிக் போட்டவர் எப்படி விலை சொல்லி விற்பார்? “பிக்கு கொறஞ்சா மீட்டர் கூடும் கண்ணு. மீட்டர் கூடுனா கேக்கறவன் யாரு?” என்று என் தந்தை சொல்வார். பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வந்து, வீட்டிலும் உரக்கவே பேசும் பழக்கம் அவருக்கு. அந்தக் கேள்வியை மட்டும் மெல்லத்தான் கேட்டார்.

நூலுக்கு இருக்கும் பெயர் துணிக்கு இல்லையா?

நூற்பாலையிலிருந்து தறிக்கு வரும் நூல் மூட்டையில் நூலின் நம்பர் எழுதியிருக்கும். கோனிலும் நம்பர் உண்டு. நூல் வாங்குபவர் வியாபாரி. அவருக்குத் தெரிய வேண்டும், ஆகவே எழுதுகிறார்கள். அதே நூல் துணியானதும் நம்பர் மறைந்துவிடுகிறது. துணி வாங்குபவர் பொதுமக்கள். அவர்களுக்கு எதற்கு என்ற எண்ணந்தானே இது?

பால் பாக்கெட்டில் கொழுப்புச் சத்து எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறது. சிமெண்டு மூட்டையில் தரம் எழுதியிருக்கிறது. பட்டுக்கு 2004-இல் பட்டு முத்திரை வந்தது. கைத்தறிக்கு 2006-இல் கைத்தறி முத்திரை வந்தது. தங்க நகைக்கு 2021 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. இவை எல்லாம் வரவேற்கத் தக்கவை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டும் தங்கமும் வாங்குபவருக்குக் காவல் கிடைத்துவிட்டது. பாவாடைத் துணி வாங்குபவருக்குக் கிடைக்கவில்லை. பட்டுச் சேலை வாங்குபவர் ஒரு தடவை ஏமாந்தால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போவார். தீபாவளிக்கு ஒரு முறை மட்டுமே பிள்ளைகளுக்குத் துணி எடுக்கும் குடும்பத்துக்கு அடுத்த தடவை என்பது அடுத்த தீபாவளி. யாருக்கு ஏமாறும் வசதி இல்லையோ, அவருக்கு அல்லவா முதலில் முத்திரை வேண்டும்?

மறுப்பவர்க்கு மறுமொழி

என் கருத்தைக் கேட்ட தோழியர் சிலரும், எங்கள் தெருவில் ஜவுளி வியாபாரம் செய்யும் உறவினர் ஒருவரும் சில தடைகளை எழுப்பினர். அவற்றையும் இங்கே சொல்வது முறை.

“படிப்பறிவில்லாத மக்களுக்கு 132, 72 என்றால் என்ன புரியும்?” என்பது முதல் தடை. என் தாய் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். துணியைக் கிழிக்கும்போது எழும் ஓசையைக் கேட்டே இது தரமானதா, கஞ்சித் துணியா என்று சொல்லிவிடுவார். ஓரத்தைக் கசக்கினால் மாவு உதிர்கிறதா என்று பார்ப்பார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுவார். பருத்தியானால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டரானால் உருகி மணிபோல் உருளும். இவ்வளவு தெரிந்தவருக்கு இரண்டு எண்கள் புரியாதா? எண் பெருகினால் இழை பெருகும். இதைவிட எளிய கணக்கு எது? மக்களுக்குப் புரியாது என்று சொல்பவர் பெரும்பாலும் மக்களுக்குப் புரிந்துவிடுமே என்று அஞ்சுபவராகவே இருக்கிறார்.

“விலை ஏறிவிடும், ஏழைகள் மலிவுத் துணியை இழப்பார்கள்” என்பது இரண்டாம் தடை. மலிவுத் துணியை யாரும் தடுக்கச் சொல்லவில்லை. உள்துணிக்கும், பைத் துணிக்கும், கொலுப் படிக்கு விரிக்கவும் மெல்லிய துணி போதும். அது 100-க்கு 50 என்று எழுதிக்கொண்டே விற்கப்படட்டும். அதற்குரிய விலையும் இறங்கும். மலிவு என்பது வேறு, குறைத்துக் கொடுப்பது வேறு.

“சிறு தறிக்காரர்களுக்கு இது தொல்லை” என்பது மூன்றாம் தடை. இதில் ஓரளவு உண்மை இருப்பதை ஏற்கிறேன். ஐந்து தறி வைத்திருப்பவரிடம் படிவம், உரிமம், கட்டணம் என்று அலையவிட்டால் அவர் தறியை எடைக்குப் போட்டுவிடுவார். ஆகவே சுமை நெய்பவர்மேல் விழக்கூடாது. சாயமிட்டு மடித்துச் சந்தைக்கு அனுப்பும் இடத்தில்தான் துணி கடைசியாக ஒரே கையில் சேருகிறது. ஓரத்தில் அச்சிடும் பொறுப்பு அங்கே இருக்கட்டும். முழுப் பிக் போடும் சிறு தறிக்காரருக்கு இதனால் வரப்போவது நன்மையே; இன்று அவர் உழைப்பை எடுத்துக்காட்ட அவரிடம் ஒன்றுமே இல்லை.

“யார் சோதிப்பது?” என்பது நான்காம் தடை. இதற்கு விடை நம் கல்லூரியிலேயே இருக்கிறது என்பேன்.

நாம் செய்யக்கூடியது

இழை எண்ண ஓர் அங்குலச் சட்டமுள்ள சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். தறிக்காரர் சட்டைப் பையில் அது இருக்கும். எடை பார்க்க வேதியியல் ஆய்வுக்கூடத்துத் தராசு போதும். நமது இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நகரும் நுண்ணோக்கி இருக்கிறது; அதைக்கொண்டு தந்துகிக் குழாயின் விட்டத்தை அளக்கிறோம். ஒரு நாள் பாப்ளின் இழையை அளந்தால் பாடத்திட்டம் கோபித்துக்கொள்ளுமா?

ஒளியியலில் கீற்றணியைப் படிக்கிறோமே, அதன் கதை துணியில்தான் தொடங்கியது. 1785-இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் ஹாப்கின்சன் என்பவர் பட்டுக் கைக்குட்டை வழியே தெருவிளக்கைப் பார்த்தபோது கோடுகள் தெரிவதைக் கண்டு வியந்து, தம் நண்பர் டேவிட் ரிட்டன்ஹவுசிடம் காரணம் கேட்டார். ரிட்டன்ஹவுஸ் மயிரிழைகளை வரிசையாகக் கட்டிச் சோதித்து, ஒளி விளிம்பில் வளைவதால் விளைவது அது என்று கண்டார். இன்று நாம் லேசர் ஒளியை ஒரு துணியின் வழியே சுவரில் விழச் செய்தால் புள்ளிகள் வரிசையாகத் தோன்றும். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியும், 5 மீட்டர் தொலைவில் சுவரும் என்று வைத்துக்கொண்டால், அங்குலத்துக்கு 132 இழை உள்ள பக்கத்தில் புள்ளிகளுக்கிடையே ஏறத்தாழ 17 மில்லிமீட்டரும், 72 உள்ள பக்கத்தில் 9 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. ஓர் இழையைக்கூட எண்ணாமல் பாவும் ஊடையும் கிடைத்துவிடும்! மிக நெருக்கமான துணியில் ஒளி புகுவது குறைவு என்பது உண்மைதான். அங்கே உருப்பெருக்கிக் கண்ணாடி கைகொடுக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ் நாம் ஆண்டுதோறும் முகாம் போகிறோம். சாலை அமைக்கிறோம்; மரக்கன்று நடுகிறோம். அவற்றோடு, வாரச் சந்தை கூடும் இடத்தில் ஒரு மேசை போட்டு, துணி கொண்டுவருபவர்க்கு இழை எண்ணி, நார் சோதித்து, ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கும் பணியையும் சேர்த்துக்கொள்ளலாம். இயற்பியல் துறையும் வேதியியல் துறையும் இதில் கைகோக்கலாம். வணிகவியல் மாணவர் விலையைக் குறித்து வரலாம். பொருளியல் மாணவர் கூலிக் கணக்கை எழுதலாம். தமிழ்த் துறையினர், தறிக்கொட்டகையில் வழங்கும் பாவு, ஊடை, தார், நாடா, அச்சு, விழுது போன்ற சொற்களையெல்லாம் தொகுத்து வைக்கலாம். நான்கைந்து ஆண்டுகளின் கணக்கு சேர்ந்துவிட்டால், அரசிடம் கோரிக்கை வைக்க நம் கையில் சான்று இருக்கும். வெறும் முழக்கமாக இராது.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். என்னைப்போல் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர் இங்கே பலர். படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டால் தறிக்கொட்டகைப் பக்கமே திரும்ப வேண்டாம் என்றுதான் நம் பெற்றோர் நம்மை அனுப்புகிறார்கள். அவர்கள் ஆசையில் குறையில்லை. அந்தத் தூசும் சத்தமும் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்தான். ஆனால் தொழிலை விட்டு வருவது வேறு. அந்தத் தொழிலில் அவர்கள் சேர்த்து வைத்த அறிவை வேண்டாமென்று எறிந்துவிட்டு வருவது வேறு. நகத்தால் இழையை எண்ணுபவரும் நுண்ணோக்கியால் எண்ணுபவரும் ஒரே உண்மையைத்தான் தேடுகிறார்கள். அவர் சொல்வதை ஒருவரும் எழுதி வைப்பதில்லை. நாம் சொல்வதை எழுதி வைப்பார்கள். அந்த ஒரே ஒரு வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை அவர்களுக்காகப் பயன்படுத்தாவிட்டால் நாம் பெறப்போகும் பட்டம் யாருக்குப் பயன்?

ஆகவே மாணவ நண்பர்களே, அடுத்த முறை துணிக்கடைக்குப் போகும்போது நிறத்தைப் பார்த்தபின் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது எத்தனாம் நம்பர்? பாவு எத்தனை, பிக்கு எத்தனை?” கடைக்காரர் முதலில் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார். நூறு பேர் கேட்டால் தமக்குச் சரக்கு அனுப்புபவரைக் கேட்பார். அந்தக் கேள்வி ஒவ்வொரு படியாக ஏறி, ஒரு நாள் தறிக்கொட்டகையை எட்டும். அன்று முழுப் பிக் போட்டவர் தம் துணிக்குரிய விலையை உரக்கவே கேட்கலாம்.